வயதான காம்பாக்ட் எஸ்யுவி மாடலை நிறுவனம் ஏன் நிறுத்துகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு மாடலின் உற்பத்தி நிறுத்தப்படுகிறது என்ற செய்தி வந்ததும் இரண்டு விதமான பேச்சு எழுவது வழக்கம். விற்காததால் நிறுத்திவிட்டார்கள் என்பது ஒன்று. நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டியை அநியாயமாக நிறுத்திவிட்டார்கள் என்பது மற்றொன்று. இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் முடிவெடுப்பவர்கள் தங்களைக் கேட்டுக்கொள்ளும் கேள்வி வேறு: இந்த வண்டியைத் தொடர்ந்து விற்க வேண்டுமானால் அடுத்ததாகச் செய்தாக வேண்டிய செலவு எவ்வளவு, இனி விற்கக்கூடிய வண்டிகளிலிருந்து அது திரும்பக் கிடைக்குமா? கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் இந்தக் கேள்வியைச் சுற்றியே அமைகின்றன.

ஒரு மாடலுக்கு வயதாகிவிட்டது என்பதை எதை வைத்துச் சொல்கிறார்கள்?

வெளித்தோற்றத்தை வைத்து அல்ல. ஒரு காம்பாக்ட் எஸ்யுவியின், அதாவது சிறிய அளவிலான எஸ்யுவியின், ஒரு தலைமுறை பொதுவாக ஆறு முதல் எட்டு ஆண்டுகள் வரை நீடிக்கும். மூன்றாவது அல்லது நான்காவது ஆண்டில் ஃபேஸ்லிஃப்ட் ஒன்று வரும். அப்போது பம்பர், விளக்குகள், தொடுதிரை, இருக்கைத் துணி ஆகியவை மாறும். உடற்கூட்டின் எலும்பு போன்ற பகுதிகளும், ஸ்டீயரிங் அமைப்பும், வண்டி முழுவதும் ஓடும் வயரிங்கும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். வயது என்று வாகனத் துறையினர் குறிப்பிடுவது இந்த மாறாத பகுதிகளின் வயதைத்தான்.

வெறும் ஆண்டுக்கணக்கு மட்டுமே ஒரு மாடலின் முடிவைத் தீர்மானிப்பதில்லை என்பதற்கும் சான்றுகள் உண்டு. ரஷ்யாவின் லாடா நிவா 1977-இல் வந்தது. அடிப்படை வடிவம் மாறாமல் அரை நூற்றாண்டை நெருங்கியும் அது தயாரிக்கப்பட்டுவருகிறது. சுசுகி ஜிம்னியின் மூன்றாம் தலைமுறை 1998 முதல் 2018 வரை இருபது ஆண்டுகள் உற்பத்தியில் இருந்தது. சந்தை சிறியதாகவும் வாடிக்கையாளர்கள் அந்த வண்டியையே விரும்பிக் கேட்பவர்களாகவும் இருந்து, விதிகளும் இடம் கொடுக்கும்வரை ஒரு மாடல் மிக நீண்ட காலம் வாழ முடியும்.

பழைய மாடலில்தான் லாபம் அதிகம் என்கிறார்களே, பிறகு ஏன் அதை நிறுத்த வேண்டும்?

இது நியாயமான கேள்வி; பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடமும் இதுவே. ஒரு புதிய மாடலை உருவாக்கும்போது தகடுகளை அழுத்தி வடிவமைக்கும் அச்சுகள், வெல்டிங் ரோபோக்களுக்கான தாங்கிகள், பிளாஸ்டிக் வார்ப்பு அச்சுகள், மோதல் சோதனைகள், இன்ஜினைச் சீரமைக்கும் வேலைகள் என்று பெருந்தொகை செலவாகிறது. முதல் சில ஆண்டுகளில் விற்கும் ஒவ்வொரு வண்டியும் அந்தக் கடனில் ஒரு பங்கைச் சுமக்கிறது. ஐந்தாறு ஆண்டுகளில் கடன் தீர்ந்துவிட்டால், அதன் பிறகு விற்கும் வண்டியில் மூலப்பொருள், கூலி, போக்குவரத்து போக மிச்சம் கூடுதலாக நிற்கும். ஆகவே பழைய மாடல் லாபம் தரும் என்பது உண்மைதான்.

ஆனால் அந்த லாபத்தைப் பல பக்கங்களிலிருந்து அரித்துக்கொண்டே வரும் காரணங்கள் இருக்கின்றன. போட்டி நிறுவனங்களின் புதிய மாடல்கள் வந்ததும் தள்ளுபடி கொடுக்க வேண்டியிருக்கிறது. ஆண்டுக்கு இத்தனை ஆயிரம் என்ற கணக்கில் ஒப்பந்தம் செய்துகொண்ட உதிரிபாகத் தயாரிப்பாளர், எண்ணிக்கை குறைந்ததும் ஒவ்வொரு பாகத்துக்கும் கூடுதல் விலை கேட்கிறார். லட்சக்கணக்கான முறை தகட்டை அழுத்திய அச்சுகள் தேய்ந்து, கதவுக்கும் தூணுக்கும் இடையே உள்ள இடைவெளி சீராக இல்லாமல் போகிறது. அச்சைப் பழுதுபார்க்கவும், ஒரு கட்டத்தில் மாற்றவும் வேண்டும். மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளில் உள்ள சிப்களின் தயாரிப்பை அவற்றை உருவாக்கும் நிறுவனமே நிறுத்திவிடலாம். அப்போது கடைசிக் கொள்முதலாக மொத்தமாக வாங்கி வைக்க வேண்டும், அல்லது அந்தப் பெட்டியையே புதிதாக வடிவமைத்து மறுபடியும் சோதித்தாக வேண்டும்.

இவை எல்லாம் மெல்ல அரிப்பவை. மாடலை உண்மையில் முடித்துவைப்பது ஒரு தேதி. குறிப்பிட்ட நாளுக்குப் பிறகு இந்த நிலையில் இந்த வண்டியை விற்கக் கூடாது என்று ஒரு விதி நடைமுறைக்கு வரும்போது, அதுவரை செலவில்லாமல் லாபம் தந்த மாடலுக்கு ஒரே மூச்சில் பெருந்தொகை தேவைப்படுகிறது. இன்னும் இரண்டு ஆண்டுகளே விற்கப்போகும் வண்டிக்கு எந்தக் கணக்காளரும் அந்தத் தொகையை ஒப்புக்கொள்ள மாட்டார்.

பாதுகாப்பு விதி மாறினால், தேவையான கருவிகளைப் பழைய வண்டியிலேயே பொருத்திவிட முடியாதா?

சிலவற்றை முடியும், பலவற்றை முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுப் பாதுகாப்பு விதியை எடுத்துக்கொள்வோம். வேக வரம்பை அறிந்து எச்சரிக்கும் அமைப்பு, தானியங்கி அவசர பிரேக், வண்டி தடம் விலகினால் திருப்பிக் கொண்டுவரும் அமைப்பு, ஓட்டுநரின் அயர்வைக் கண்டறியும் அமைப்பு போன்றவற்றை அது கட்டாயமாக்கியது. புதிதாக அனுமதி பெறும் மாடல்களுக்கு 2022 ஜூலையிலும், விற்பனைக்கு வரும் எல்லாப் புதிய கார்களுக்கும் 2024 ஜூலையிலும் அது நடைமுறைக்கு வந்தது. தடம் காக்கும் அமைப்பு வேலை செய்ய, பெரும்பாலும் ஸ்டீயரிங்கைக் கணினி தானே திருப்ப முடிய வேண்டும். அதற்கு மின்மோட்டாரால் இயங்கும் ஸ்டீயரிங் தேவை. ஹைட்ராலிக் ஸ்டீயரிங்கோடு வடிவமைக்கப்பட்ட வண்டியில் அதை மாற்றினால் இன்ஜின் அறையின் அமைப்பும், மின் உற்பத்தித் திறனும், வயரிங்கும் சேர்ந்து மாறும். முன்கண்ணாடியில் ஒரு கேமரா, முகப்பில் ஒரு ரேடார் என்று சொல்லும்போது எளிதாகத் தோன்றும். ஆனால் அவை அனுப்பும் தகவலைத் தாங்கும் வலைப்பின்னல் பத்தாண்டுகளுக்கு முன் வடிவமைத்த வண்டியில் இருப்பதில்லை.

உடற்கூட்டின் கதை இதைவிடக் கடினம். அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டு நிறுவனம், வண்டியின் முகப்பில் கால் பங்கு மட்டும் தடுப்பில் மோதும் கடுமையான சோதனையை 2012-இல் தொடங்கியது. மறு ஆண்டு 13 சிறிய எஸ்யுவிகளை அந்தச் சோதனைக்கு உட்படுத்தியபோது, இரண்டு மட்டுமே ஏற்கத்தக்க நிலையையோ அதைவிட உயர்ந்த நிலையையோ பெற்றன. பழைய சோதனைகளுக்கேற்பக் கட்டப்பட்ட உடற்கூட்டில், முன்சக்கரத்துக்கு வெளியே விழும் அடியைத் தாங்கும் அமைப்பு போதுமானதாக இல்லை. அதைச் சேர்க்க வேண்டுமானால் கதவுத் தூண், அடிச்சட்டம், சக்கர வளைவுத் தகடு ஆகியவற்றுக்குப் புதிய அச்சுகள் வேண்டும். அதுவரை வந்துவிட்டால் செலவு புதிய தலைமுறைக்கான செலவை நெருங்கிவிடுகிறது.

சட்டம் கட்டாயப்படுத்தாத இடங்களிலும் நட்சத்திர மதிப்பீடு விற்பனையைப் பாதிக்கிறது. ஃபியட் புன்டோ 2005-இல் ஐரோப்பாவின் மோதல் சோதனை அமைப்பான யூரோ என்கேப்பின் சோதனையில் ஐந்து நட்சத்திரம் பெற்றது. அதே தலைமுறை 2017-இல் மறுபடி சோதிக்கப்பட்டபோது ஒரு நட்சத்திரமும் பெறவில்லை. அது எஸ்யுவி அல்ல என்றாலும், வண்டி அப்படியே நிற்க அளவுகோல் நகர்ந்துவிடுவதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று இல்லை. என்னைப் பொறுத்தவரை இத்தகைய நிறுத்தங்களுக்காக வருந்த வேண்டியதில்லை. ஒரு மாடல்மீது எவ்வளவு பற்று இருந்தாலும், உள்ளே உட்காரும் உயிர் அதைவிடப் பெரியது.

மாசு உமிழ்வு விதிகள் எப்படி ஒரு மாடலை முடித்துவைக்கின்றன?

இரண்டு வழிகளில். முதலாவது, புகைக்குழாயில் வெளிவரும் நைட்ரஜன் ஆக்சைடுகளுக்கும் நுண்துகள்களுக்கும் விதிக்கப்படும் வரம்பு. ஆய்வகத்தில் மட்டும் அளந்த காலம் போய், சாலையில் ஓட்டிக்கொண்டே அளக்கும் முறை ஐரோப்பாவில் 2017 முதலும் இந்தியாவில் 2023 ஏப்ரல் முதலும் கட்டாயமானது. அதற்காகப் பழைய இன்ஜினைத் திருத்தினால் எரிபொருள் செலுத்தும் முறையும், புகையைச் சுத்திகரிக்கும் வினையூக்கியும், கண்காணிப்பு உணரிகளும், மென்பொருளும் மாறும். மாறியதும் எல்லாவற்றையும் மீண்டும் சான்றளிக்க வேண்டும். டீசல் என்றால் நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைக்கும் யூரியா கரைசல் தொட்டிக்கு இடம் தேட வேண்டிய நிலையும் வரலாம்; சிறிய வண்டியில் அந்த இடத்தை எளிதில் கண்டுபிடிக்க முடியாது. இந்தியாவில் அந்த விதி வந்த சமயத்தில் ஹோண்டா டபிள்யூஆர்-வி, ஜாஸ் ஆகிய இரண்டும் சந்தையிலிருந்து விலகின.

இரண்டாவது வழி பலருக்குத் தெரியாதது. ஐரோப்பாவில் கார்பன் டை ஆக்சைடு வரம்பு ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தனியாக விதிக்கப்படவில்லை. ஒரு நிறுவனம் விற்கும் எல்லா வண்டிகளின் சராசரிக்கும் சேர்த்து விதிக்கப்பட்டிருக்கிறது. அந்தச் சராசரி இலக்கை மீறும் ஒவ்வொரு கிராமுக்கும், விற்ற ஒவ்வொரு வண்டிக்கும் 95 யூரோ அபராதம். ஏற்கெனவே இலக்கின் விளிம்பில் நிற்கும் நிறுவனம், இலக்கைவிட 30 கிராம் கூடுதலாக வெளியிடும் ஒரு பழைய பெட்ரோல் எஸ்யுவியை விற்றால், அந்த ஒரு விற்பனை ஏறத்தாழ 2,850 யூரோ மறைமுகச் சுமையைக் கொண்டுவருகிறது. சிறிய வண்டியில் கிடைக்கும் மொத்த லாபமே அதைவிடக் குறைவாக இருக்கலாம். வாங்க வரிசையில் ஆட்கள் நின்றாலும் விற்காமல் இருப்பதே மேல் என்ற நிலை இப்படித்தான் உருவாகிறது.

சுசுகி ஜிம்னியின் நான்காம் தலைமுறை 2018-இல் வந்தது; வயதான வண்டியே அல்ல, தேவையும் மிகுதியாக இருந்தது. ஆனாலும் இந்தக் கணக்கினால்தான் சில ஆண்டுகளிலேயே அது ஐரோப்பாவில் பயணிகள் கார் என்ற நிலையில் விற்பனையிலிருந்து விலகி, பின்னிருக்கை இல்லாத சரக்கு வாகனமாகத் திரும்பி வந்தது. சரக்கு வாகனங்களுக்கு இலக்கு வேறு.

கணினிப் பாதுகாப்பு விதியால்கூட ஒரு எஸ்யுவி நின்றுபோகுமா?

நின்றுபோயிருக்கிறது. போர்ஷே மக்கான் 2014 முதல் ஜெர்மனியின் லைப்ஸிக் ஆலையில் தயாரிக்கப்பட்ட சொகுசு காம்பாக்ட் எஸ்யுவி. அந்த நிறுவனத்தின் மிக அதிகம் விற்கும் மாடல்களில் ஒன்றாகவும் அது இருந்தது. வாகனத்தின் மின்னணு அமைப்புகளை ஊடுருவலிலிருந்து காக்க வேண்டும் என்ற ஐநா விதி 155, ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் எல்லாப் புதிய வண்டிகளுக்கும் கட்டாயமானது. வண்டிக்குள் உள்ள கணினிகள் ஒன்றோடொன்று பேசும் முறையை அடியிலிருந்து மாற்றாமல் பழைய மக்கானால் அதை நிறைவேற்ற முடியாது. மின்சார மக்கான் தயாராகிவிட்ட நிலையில் பழையதற்கு அந்தச் செலவைச் செய்ய நிறுவனம் முன்வரவில்லை. பெட்ரோல் மக்கான் அங்கே விற்பனையிலிருந்து விலகியது. அந்த விதி இல்லாத மற்ற நாடுகளில் அதே வண்டியின் விற்பனை தொடர்ந்தது.

நன்றாக விற்கும் மாடலைக்கூட நிறுத்துகிறார்களே, அது எப்படி?

மாடலுக்கு என்று ஓர் ஆலை இருக்கிறது. ஆலைக்கு என்று ஒரு கணக்கு இருக்கிறது. உடற்கூட்டுப் பிரிவு, வண்ணப்பூச்சுப் பிரிவு, பொருத்தும் வரிசை ஆகியவற்றில் எத்தனை வண்டிகள் ஓடலாம் என்பதற்கு எல்லை உண்டு. புதிய வண்டிக்கு இடம் வேண்டுமென்றால் பழையது ஒன்று வெளியேற வேண்டும். 2000-இல் அறிமுகமாகி நான்கு தலைமுறைகள் கண்ட ஃபோர்டு எஸ்கேப், அமெரிக்காவில் பெருமளவு விற்றுக்கொண்டிருந்தது. அது தயாரான லூயிவில் ஆலையைப் புதிய மின்வாகன வரிசைக்காக மாற்றியமைப்பதென 2025-இல் முடிவானபோது, எஸ்கேப்புக்கு அங்கே இடமில்லாமல் போயிற்று.

ஆலையே மூடப்பட்டால் மாடலும் சேர்ந்து மறைகிறது. இதற்கு ஃபோர்டு எகோஸ்போர்ட்டைவிடத் தெளிவான எடுத்துக்காட்டைக் காண்பது அரிது. பிரேசிலில் 2003-இல் பிறந்து, இந்தியாவில் 2013-இல் வந்து, சிறிய எஸ்யுவி என்ற வகைக்கே பாதை போட்ட வண்டி அது. ஃபோர்டு 2021 ஜனவரியில் பிரேசில் உற்பத்தியையும், அதே ஆண்டு செப்டம்பரில் இந்திய உற்பத்தியையும் நிறுத்துவதாக அறிவித்தது. அமெரிக்காவில் விற்ற எகோஸ்போர்ட் சென்னை ஆலையிலிருந்தே போய்க்கொண்டிருந்ததால், இங்கே ஆலை மூடப்பட்டதும் அங்கே ஷோரூமில் வண்டி இல்லாமல் போனது. அந்த முடிவுகளுக்கான காரணம் ஒரு மாடலின் குறைபாடு அல்ல; அந்த நாடுகளில் நிறுவனத்தின் மொத்தத் தொழிலும் நட்டத்தில் இருந்ததுதான். மாடல்களின் கதையைப் பேசும்போது, அந்த வரிசையில் நின்று வேலை செய்த தொழிலாளர்களையும் அதை நம்பியிருந்த சிறு உதிரிபாகப் பட்டறைகளையும் மறந்துவிடக் கூடாது. நிறுத்தத்தின் சுமை முதலில் விழுவது அவர்கள்மீதுதான்.

அதே நிறுவனத்தின் இன்னொரு மாடல்தான் காரணம் என்று சொல்வது சரியா?

பல நேரங்களில் சரி. மாஸ்டா சிஎக்ஸ்-3 அமெரிக்காவில் 2021-உடன் நின்றது. அதைவிடச் சற்றுப் பெரிய, புதிய சிஎக்ஸ்-30 ஏறத்தாழ அதே வாடிக்கையாளரை ஈர்த்துக்கொண்டிருந்தது. டொயோட்டா சி-ஹெச்ஆர் அங்கே 2022-இல் விலகியபோது, கொரோலா கிராஸ் அதன் இடத்தில் ஏற்கெனவே நின்றது. ஜீப் நிறுவனம் பேட்ரியாட், முதல் தலைமுறைக் காம்பஸ் என்ற இரண்டு பழைய வண்டிகளுக்கும் மாற்றாக 2017-இல் ஒரே புதிய காம்பஸைக் கொண்டுவந்தது. ஒரே அளவில் இரண்டு மாடல்களுக்கு விளம்பரமும், டீலர் பயிற்சியும், உதிரிபாகக் கிடங்கும் தனித்தனியாக நடத்துவது வீண் என்று கருதும்போது மூத்தது விலகுகிறது.

எல்லா நிறுவனங்களும் இப்படிச் செய்வதில்லை. மஹிந்திரா 2022-இல் ஸ்கார்ப்பியோ-என் என்ற முற்றிலும் புதிய வண்டியைக் கொண்டுவந்தபோது, பழையதை ஸ்கார்ப்பியோ கிளாசிக் என்ற பெயரில் தொடர்ந்து விற்றது. இரண்டுக்கும் வாடிக்கையாளர்கள் வேறுவேறு என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டுமே இந்த வழி பயன்படும்.

ஒரு நாட்டில் நிறுத்திய வண்டி இன்னொரு நாட்டில் விற்கிறதே?

விதிகளும் ஆலைகளும் நாட்டுக்கு நாடு வேறுபடுவதால் அப்படி நிகழ்கிறது. ஜீப் ரெனகேட் அமெரிக்காவில் 2023 மாடலோடு முடிந்தது. பிரேசிலில் அங்கேயே உள்ள ஆலையில் அதன் உற்பத்தி தொடர்ந்தது. ஆகவே நிறுத்தச் செய்தியைப் படிக்கும்போது எந்தச் சந்தைக்கு என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

நிறுத்தப்பட்ட மாடல் என்றால் தரம் குறைந்தது என்று பொருளா?

இல்லை. குறைபாட்டுக்காக அழைத்துச் சரிசெய்வது ரீகால். உற்பத்தியை நிறுத்துவது வணிக முடிவு. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

ஏன் முன்கூட்டியே சொல்வதில்லை?

சொன்னால் அன்றே விற்பனை விழும். டீலர்களிடம் உள்ள ஸ்டாக்கைத் தள்ளுபடியில் தள்ள வேண்டியிருக்கும். உதிரிபாகத் தயாரிப்பாளர்கள் தங்கள் ஆட்களை வேறு வேலைக்கு மாற்றத் தொடங்குவார்கள். எனவே வலைத்தளத்தில் சில வேரியன்ட்டுகள் மறைவது, வண்ணங்கள் குறைவது, முன்பதிவு நிறுத்தப்படுவது என்று அமைதியாகவே முடிகிறது. நிறுவனத்தின் நோக்கில் இது புரிந்துகொள்ளத்தக்கது. ஆனால் கடைசி மாதத்தில் முழு விலை கொடுத்து வாங்கியவருக்கு இது அநீதி. உற்பத்தி முடியும் தேதியை மறைத்தாலும், இத்தனை ஆண்டுகளுக்கு உதிரிபாகமும் சர்வீஸும் தருவோம் என்ற வாக்குறுதியையாவது எழுத்தில் கொடுத்தாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கடைசித் தொகுதியில் ஒன்றை வாங்கலாமா?

நீண்ட காலம் வைத்து ஓட்டப்போகிறவருக்கு அது நல்ல தேர்வாக இருக்கலாம். தொடக்க ஆண்டுகளின் கோளாறுகள் அதற்குள் திருத்தப்பட்டிருக்கும், மெக்கானிக்குகளுக்கு வண்டி பழகியிருக்கும், விலையும் இறங்கியிருக்கும். மூன்று நான்கு ஆண்டுகளில் விற்றுவிட எண்ணுபவருக்கு இது ஏற்றதல்ல, ஏனெனில் மறுவிற்பனை மதிப்பு விரைவாக இறங்குவது பெரும்பாலும் வாங்கிய முதல் சில ஆண்டுகளில்தான். தள்ளுபடித் தொகை அந்த இழப்பை ஈடுகட்டுகிறதா என்று கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். வண்டி தயாரான மாதத்தையும் டயரின் பக்கச்சுவரில் பொறிக்கப்பட்டுள்ள வாரத்தையும் ஆண்டையும் கட்டாயம் பாருங்கள். மாதக்கணக்கில் வெயிலில் நின்ற வண்டியின் பேட்டரியும் டயரும் ஓடாமலேயே தளர்ந்திருக்கும். மோதல் சோதனை மதிப்பீடு எந்த ஆண்டுக்குரியது என்பதையும் கேளுங்கள். பத்து ஆண்டுகளுக்கு முந்தைய ஐந்து நட்சத்திரமும் இன்றைய ஐந்து நட்சத்திரமும் ஒன்றல்ல.

ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்கு உதிரிபாகம் கிடைக்குமா?

பிரேக் பேட், ஃபில்ட்டர், பேரிங், கிளட்ச், சஸ்பென்ஷன் புஷ் போன்று தேய்ந்து மாற்ற வேண்டியவை நீண்ட காலம் கிடைக்கும். அவற்றைத் தயாரிப்பவை பெரும்பாலும் தனி நிறுவனங்கள். அதே பாகங்கள் பல மாடல்களுக்கும் பொருந்தும். இன்ஜினும் கியர்பாக்ஸும் வேறு மாடல்களில் தொடர்ந்தால் கவலை இன்னும் குறைவு. ரெனகேட்டின் அடிப்படையைப் பகிர்ந்துகொண்ட ஃபியட் 500எக்ஸும் இரண்டாம் தலைமுறைக் காம்பஸும் அதன் உரிமையாளர்களுக்கு ஒரு பாதுகாப்பு; சிஎக்ஸ்-3 உரிமையாளர்களுக்கு மாஸ்டா2 அப்படிப்பட்டது. எனவே உங்கள் வண்டியின் உறவினர்கள் யார் என்று தெரிந்துவைத்திருப்பது பயனுள்ளது.

முதலில் தட்டுப்பாடு வருவது அந்த மாடலுக்கு மட்டுமே உரிய பாகங்களில்தான்: முகப்பு விளக்கு, பம்பர், டாஷ்போர்டு பிளாஸ்டிக், கதவுக் கண்ணாடி, தொடுதிரை, மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி. ஒரு சிறிய விபத்தில் உடைந்த விளக்குக்காக வண்டி வாரக்கணக்கில் பட்டறையில் நிற்கும் நிலை இதனால்தான் வருகிறது. தனிமாடல் பாகம் ஏதேனும் விரிசல் விட்டிருந்தால், கிடைக்கும்போதே மாற்றிவிடுவது நல்லது. வழித்தட வரைபடம், கைப்பேசிச் செயலி போன்ற மென்பொருள் சேவைகள் இரும்புப் பாகங்களுக்கு முன்பே நின்றுபோகலாம். அவை இல்லாமலும் வண்டி இயல்பாக ஓடுமா என்பதை அறிந்து வைத்திருங்கள்.

நிறுத்தப்பட்ட பெயர் திரும்பி வருமா?

வரலாம், ஆனால் வருவது பெரும்பாலும் வேறொரு வண்டியாக இருக்கும். ஜீப் செரோக்கியின் உற்பத்தி 2023 தொடக்கத்தில் பெல்விடியர் ஆலை நிறுத்தப்பட்டதோடு முடிந்தது. 2026 மாடலாக அதே பெயரில் ஹைபிரிட் வண்டி வந்தது. பழைய ஃபோர்டு பூமா சிறிய கூபே. 2019-இல் வந்த பூமா எஸ்யுவி. பெயர் ஒன்றாக இருப்பதால் பாகங்களும் பொருந்தும் என்று நம்பிவிட வேண்டாம்.

வாரன்டியும் ரீகாலும் என்ன ஆகும்?

வாரன்டி வண்டியோடு சேர்ந்து வரும் ஒப்பந்தம். உற்பத்தி நின்றாலும் அதன் காலம் முடியும்வரை செல்லும். பாதுகாப்புக் குறைபாடு பின்னாளில் கண்டறியப்பட்டாலும் நிறுவனத்தின் பொறுப்பு நீங்குவதில்லை. அமெரிக்கச் சட்டப்படி முதல் விற்பனையிலிருந்து 15 ஆண்டுகள் வரை ரீகால் பழுதை இலவசமாகச் சரிசெய்து தர வேண்டும். நாட்டுக்கு நாடு இந்தக் காலம் மாறும். நடைமுறையில் ஏற்படும் சிக்கல் வேறு: வண்டி இரண்டு மூன்று கை மாறியபின் உரிமையாளரின் முகவரி நிறுவனத்திடம் இருப்பதில்லை, அறிவிப்புக் கடிதம் பழைய வீட்டுக்குப் போய்ச் சேர்கிறது. பழைய வண்டியை வாங்கியவர்கள் தங்கள் பெயரையும் சேசிஸ் எண்ணையும் நிறுவனத்தின் சேவைப் பிரிவில் பதிவு செய்துகொள்ள வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையாவது அந்த எண்ணைக் கொண்டு, தீர்க்கப்படாத ரீகால் ஏதேனும் நிலுவையில் உள்ளதா என்று சரிபார்க்க வேண்டும்.